ஒரு டம்ளர் டீசல்

எஞ்சின் அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. படகைக் கட்டியவன் எஞ்சினுக்கு அளவெடுத்தானே தவிர, அதைப் பார்க்க இறங்குகிறவனுக்கு அளவெடுக்கவில்லை. மேல்தளத்தில் இருக்கும் சதுர மூடியைத் தூக்கி, கால்களை முதலில் விட்டு, இடுப்பை ஒருக்களித்து, தலையைக் கடைசியாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் இரும்பு சில்லிட்டுக் கிடக்கும். பழைய டீசலும் உப்புத் தண்ணீரும் கலந்த வாடை தொண்டையில் படியும். நானும் மச்சானும் அந்தக் குழிக்குள் முழங்கால்களை மடக்கி எதிரெதிரே உட்கார்ந்தால், நடுவில் எஞ்சின் மட்டும்தான் சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்திருக்கும்.

"கல்யாணத்தன்னிக்கே உங்கக்காகிட்ட சொன்னேன் மாப்ள, வீட்டை விட இங்கதான் அதிகம் கெடப்பேன்னு. சிரிச்சா. வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சிருப்பா" என்பார் மச்சான்.

அவர் என் அக்காவின் கணவர். படகுக்கு டிரைவர். நான் எஞ்சின் ஆள். அலைத்தடுப்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் காய்கறியும் கயிறும் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. துறையில் எட்டுப் படகுகள். எட்டும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். துறைக்குப் பின்னால் கிடங்கின் நீண்ட சுவரை ஒட்டி நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளும் அவருடையவைதான். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கடல், வீடுகளுக்கும் துறைக்கும் நடுவில் இரும்புக் கேட். இவற்றுக்குள்தான் எங்கள் பிழைப்பு முழுவதும்.

தினமும் முதல் வேலை டீசலைப் பிடித்துப் பார்ப்பது. டாங்கிலிருந்து வரும் டீசல் ஃபில்டரில் விழும். ஃபில்டரின் அடியில் ஓர் இரும்புக் கிண்ணம். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதன் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, மூடி வழியாக வரும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். தண்ணீர் கனமானது, டீசலுக்கு அடியில் போய் நிற்கும். நடுவில் ஒரு கோடு தெரியும். கோடு மறையும்வரை பிடித்துப் பிடித்து எடுத்துவிட்டால் அன்றைக்கு எஞ்சின் பேசாமல் ஓடும். பிடித்த டீசலில் பாகங்களைத் துலக்குவோம், கை கழுவுவோம். அதைக் கொண்டு அடுப்பு பற்றவைத்தவர்களும் உண்டு. மறைக்க என்ன இருக்கிறது.

டிரைவர்களுக்கு இன்னொரு பழக்கம். டாங்க் வால்வை மூடினால் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றிச் சுக்கான் சக்கரத்தில் மாட்டிவிடுவார்கள். வால்வைத் திறந்த பிறகுதான் தொப்பி தலைக்கு ஏறும். யார் ஆரம்பித்ததோ தெரியாது. வால்வைத் திறக்காமலே செல்ஃபைத் தட்டித் தட்டிப் பேட்டரியைக் கொன்ற ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். தொப்பி தலையில் இருந்தால் டீசல் ஓடுகிறது. சக்கரத்தில் தொங்கினால் படகு நகராது. துறையில் எல்லோருக்கும் இது தெரியும். முதலாளிக்கும் தெரியும். அவரும் ஒரு காலத்தில் படகு ஓட்டியவர்தான். கைப்பிடி போட்டுச் சுற்றும்போது எஞ்சின் எதிர்த்து உதைத்ததில் அவருடைய வலது மணிக்கட்டு கோணிப்போயிருந்தது. டீ குடிப்பது இடது கையால்தான்.

ஒருநாள் விடிந்து இறங்கிப் பார்த்தால், அடித்திருகில் சீல். கரண்ட் மீட்டரில் போடுவார்களே, அதே மாதிரி முறுக்குக் கம்பியும் ஈயப் பொட்டும். எட்டுப் படகிலும் அப்படியே. தண்ணீர் எடுக்கிற சாக்கில் நாங்கள் டீசல் திருடுகிறோமாம்; சீலை அறுத்தவனுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று முதலாளி வாட்ச்மேனிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

நாங்கள் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். மூத்த டிரைவர் ஒருவர் இருந்தார். அவருக்கு 'அவசரம்' என்று பெயர்; எந்தக் காரியத்தையும் அவர் அவசரமாகச் செய்து யாரும் பார்த்ததில்லை. அவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மொதலாளி, தண்ணிய எறக்கலன்னா எஞ்சின் நடுவழியில நின்னுரும்."

"தண்ணி எங்கேருந்து வருது?"

அவசரம் ஆபீசுக்குப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். எங்கிருந்தோ மலிவாக வாங்கிய டீசல் அங்கே வெட்டவெளியில் பீப்பாய் பீப்பாயாகக் கிடந்தது. மூடிகளின் ரப்பர் போய்விட்டது. மழை பெய்தால் பீப்பாயின் தலையில் தேங்கி உள்ளே இறங்கும்.

"ஒரு கூரை போட்டாப் போதும்" என்றார் அவசரம்.

"கூரை போடறேன். நீங்க குடிக்கிற டீசலை நிறுத்துங்க, அந்தக் காசுல போடறேன்."

"நீங்களும் ஓட்டினவர்தானே மொதலாளி" என்றார் மச்சான். "தண்ணி குடிச்ச எஞ்சின் என்ன பண்ணும்னு உங்களுக்கு நாங்க சொல்லணுமா?"

"தெரியும். டீசல் குடிச்ச வேலைக்காரன் என்ன பண்ணுவான்னும் தெரியும்."

எங்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். முதலாளி இடது கையால் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன் பிறகு நாங்கள் வேறு வழி கண்டுபிடித்தோம். எலி வளையில் ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் தோண்டாதா? பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் ஒரு போல்ட் உண்டு. அதற்குச் சீல் இல்லை. அதைத் தளர்த்தி, வருகிற தண்ணீரை அங்கே வெளியேற்றினோம். ஆனால் அந்த போல்ட்டுக்கு அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கிறது. ஒருமுறை இறுக்கினால் நசுங்கி விறைத்துப்போகும். அடுத்த முறை சரியாக உட்காராது. தண்ணீரை விரட்டிய இடத்தில் காற்று வந்து குடியேறியது. காற்று புகுந்தால் எஞ்சின் எழுந்திருக்காது. கைப்பம்பை அழுத்தி அழுத்தி நுரை வரும், இன்னும் அழுத்தினால் நுரை தீர்ந்து சுத்தமான டீசல் வரும், அப்போது இறுக்க வேண்டும். மறுநாள் விடிந்தால் மறுபடியும் நுரை. செல்ஃப் போட்டுப் போட்டுப் பேட்டரி களைத்தது. புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். வெள்ளைப் புகை வந்தால், போய்ச் சேர்ந்தும் எரியவில்லை என்று அர்த்தம். நான் மேலே புகையைப் பார்த்துச் சொல்ல, மச்சான் கீழே இருந்து கெட்ட வார்த்தை சொல்லுவார். அந்த மாதங்களில் எங்கள் பேச்சு பெரும்பாலும் இதுதான்.

புது வாஷர் கேட்டால் கிடைக்காது. பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகும். இன்னொரு முறைக்குத் தாங்கும். மச்சான் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து வாஷர்களை எடுத்து, கம்பியில் கோத்து, அக்காவின் அடுப்பில் பிடிப்பார்.

"ஊர்ல எல்லா வீட்லயும் சோறு வேகுது. நம்ம வீட்ல வாஷர் வேகுது" என்பாள் அக்கா.

"வாஷர் வெந்தாதாண்டி நாளைக்குச் சோறு வேகும்."

"உப்பு போடவா?"

அவர்களுடைய மகள் சின்னவள். சிவந்த வளையம் தண்ணீரில் விழும்போது எழும் 'சுர்' சத்தத்துக்காகவே பக்கத்தில் குந்தியிருப்பாள்.

மழை வாரம் வந்தது. டாங்கில் ஊற்றிய டீசலில் எவ்வளவு தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? அன்று பகலில் மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. குடிதண்ணீர் பீப்பாய்களை மேல்தளத்தில் நிறுத்திக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். மச்சான் கீழே இறங்கி வால்வைத் திறந்து, மேலே வந்து, சக்கரத்திலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டார். காற்றுக்காக ஒருமுறை, பிறகு இன்னொரு முறை அழுத்தினார். அதை நான் பார்த்தேன்.

அலைத்தடுப்பின் இரண்டு கைகளுக்கும் நடுவே, அலை உள்ளே தள்ளும் இடத்தில், எஞ்சினின் சத்தம் மாறியது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மூச்சுத் திணறுகிறவன் மாதிரி. பிறகு நின்றது.

கீழே இறங்க வேண்டியவன் நான். மச்சான் என்னைத் தள்ளிவிட்டார். "நீ நங்கூரத்தைப் போடு மாப்ள, அதுக்குத் தெம்பு வேணும். கை வேலைய நான் பாத்துக்கறேன்."

நங்கூரத்தைப் போட்டேன். அது தரையைப் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. கற்கள் பக்கவாட்டில் நெருங்கின. கீழேயிருந்து குரல் வந்தது: "செல்ஃபைத் தட்டு." தட்டினேன். வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து அறுந்தது. "இன்னொரு தடவை." எஞ்சின் சுற்றியது, மெதுவாகச் சுற்றியது, பேட்டரி இழுத்தது.

"போதும், விடு. சீலை அறுக்கறேன்" என்றார்.

கம்பி வெட்டுப்படும் சத்தம் 'டக்' என்று கேட்டது. பிறகு தண்ணீர் தகரத்தில் விழும் சத்தம்.

"தண்ணிதான் வருது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் தண்ணிதான் மாப்ள." பிறகும், "இன்னும் தண்ணிதான்."

படகு பக்கவாட்டில் கல்லில் மோதியது. பீப்பாய்களைக் கட்டியிருந்த கயிறு தெறித்தது. அவை உருண்டு வந்து இடித்ததில் திறந்திருந்த சதுர மூடி விழுந்து சாத்திக்கொண்டது; பீப்பாய்கள் அதன் மேல் அடைத்து நின்றன. ஒன்றைத் தள்ளினேன்; அடுத்தது அந்த இடத்துக்கு வந்தது. மூடிக்கு அடியில் அவர் தட்டினார். நானும் மேலேயிருந்து தட்டினேன், இருக்கிறேன் என்று சொல்வதற்கு. அடுத்த அலை என்னைத் தூக்கிக் கற்களின் மேல் போட்டது. நான் அங்கே கிடந்தேன். படகு அங்கே இல்லை.

மறுநாள் கிரேன் வைத்துப் படகைத் தூக்கியபோது அவரை வெளியே எடுத்தார்கள். மூடிக்கு நேர் கீழே இருந்தார். தொப்பி கிடைக்கவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு முதலாளி லைன் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல். ஜன்னலைத் திறந்தால் கிடங்குச் சுவர். அவர் வாசலில் நின்றதும் வீட்டுக்குள் இருட்டிவிட்டது.

"நல்ல டிரைவர். என் தம்பி மாதிரி" என்றார்.

அக்கா அடுப்பு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலைல துறைமுக அதிகாரி விசாரணைக்கு வர்றாரு. உயிரோட வந்தவன் நீ ஒருத்தன்தான். உன்னைத்தான் கேப்பாரு. வால்வைத் தெறக்க மறந்துட்டாருன்னு சொல்லு. வால்வு இப்ப மூடித்தான் இருக்கு. மனுஷன்தானே, மறக்கறது சகஜம். பைப்ல இருந்த டீசல்ல கொஞ்ச தூரம் ஓடிருச்சு, அப்புறம் நின்னுருச்சு. அவ்வளவுதான்."

"சீல்?"

"சீல் அறுந்திருக்கு. நானும் பாத்தேன்." அவர் குரல் இளகியது. "அறுத்தவனுக்கு வேலையும் இல்ல, வீடும் இல்லன்னு நான்தான் சொன்னேன். சொன்ன சொல்லை மாத்தறவன் இல்ல நான். அதனாலதான் தம்பி, சீலைப் பத்தியே பேச்சு வேணாம்னு பாக்கறேன். மறந்துட்டார்னா உங்கக்கா இந்த வீட்ல இருக்கலாம், எத்தனை வருஷம் வேணும்னாலும். உனக்கும் வேற படகு தர்றேன்."

அவர் போனதும் வெளிச்சம் திரும்ப வந்தது. நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர் முகத்தில் இடித்தது. உண்மையைச் சொன்னால் அக்காவும் குழந்தையும் தெருவில். பொய்யைச் சொன்னால் மச்சான் மறதிக்காரர். எஞ்சின் அறைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே முழங்கால்களைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா அடுப்பு மேடையிலிருந்த வாஷர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொண்டிருந்தாள்.

"தொப்பி எங்கடா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தலைல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்கா. ரெண்டு தடவை அழுத்திக்கிட்டாரு."

"அப்ப மறக்கல." வாஷர்களை உள்ளங்கையில் குலுக்கினாள். "மறந்தாருன்னு நீ சொன்னா, இந்த வீட்ல உக்காந்து நான் தினமும் அதையே கேட்டுக்கிட்டு இருக்கணும். இவளும் வளந்து அதையே கேப்பா. நாளைக்கு அவசரம் அண்ணன் படகு எங்க போய் நிக்குமோ, அதையும் கேக்கணும்."

"வீடு போயிரும்கா."

"போகும்தான்." வாஷர்களை மேடையில் வைத்தாள். "டம்ளர்ல பிடிச்சா கோடு தெரியும்னு சொல்வாரே. யாரு பாத்தாலும் தெரியுமா?"

"கண்ணு இருந்தாப் போதும்."

மகளை என் மடியில் உட்கார வைத்துவிட்டு வெளியே போனாள். அன்று சாயங்காலம் லைன் வீடுகளின் வாசல் வாசலாக அவள் குரல் கேட்டது. சில வாசல்களில் நீண்ட நேரம் கேட்டது. ஒரு வாசலில் யாரோ, "எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா" என்றாள். அக்காவின் பதில், "அதுக்காகத்தான் வந்திருக்கேன்" என்று கேட்டது. அப்புறம் அவசரத்தின் குரல், வழக்கம்போல நிதானமாக: "ஒருத்தன் அறுத்தா அவன் வீடு போகும். எல்லாரும் அறுத்தா மொதலாளி அத்தனை வீட்டையும் காலி பண்ணிட்டு, உள்ள கடல் காத்தைத்தான் குடி வைக்கணும்."

விடிந்தபோது முதலாளிக்குச் சேதி எட்டியிருந்தது. நாங்கள் துறைக்குள் நுழைந்ததும், பெண்கள் வருவதற்கு முன், கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார். நாங்கள் உள்ளே, அவர்கள் வெளியே. ஆனால் கேட்டின் ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே ஒரு கண்ணாடி டம்ளர் நுழைய இடமிருந்தது. வீட்டுக்கு ஒன்றாக அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். பூப்போட்டது, விளிம்பு உடைந்தது, விருந்தாளிக்கு மட்டும் எடுப்பது. ஒவ்வொன்றாக நீட்ட, நாங்கள் வாங்கிக்கொண்டோம். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னப்பா, மொதலாளிகிட்ட சொல்ல மாட்டியா?" என்றாள் ஒருத்தி.

"கேட்டைத்தான் பூட்டச் சொன்னாரு. டம்ளரைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றான்.

ஏழு படகுகளின் மூடிகளும் திறந்தன. யார் முதலில் அறுப்பது என்று ஒரு கணம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவசரத்தின் படகிலிருந்து 'டக்' என்று கேட்டது. அவர் வாழ்நாளில் அவசரமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதன்பின் படகு படகாக அந்தச் சத்தம் நகர்ந்தது. எனக்கு அது தாங்க முடியாத சத்தம். ஏழு முறையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிடித்த டம்ளர்களைத் துறையின் திண்டில் வரிசையாக வைத்தோம். மேலே டீசல், கீழே தண்ணீர், நடுவில் கோடு. சில டம்ளர்களில் கோடு விரல் உயரத்தில், சிலவற்றில் பாதிக்கு மேல். டிரைவர்கள் வால்வுகளை மூடிவிட்டுத் தொப்பிகளைக் கழற்றிச் சக்கரங்களில் மாட்டினார்கள்.

முதலாளி வந்தார். "எவன்டா சீலை அறுத்தது?"

"நான்" என்றார் அவசரம்.

"நானும்" என்றார் அடுத்தவர். "நானும்தான்" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. பிறகு யார் சொன்னார்கள் என்று பிரிக்க முடியவில்லை.

"இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணுங்க."

"பண்றோம் மொதலாளி. உங்களுக்குத்தான் படகு ஓட்டத் தெரியுமே. ஏழையும் ஒரே நேரத்துல ஓட்டுவீங்களா, ஒண்ணு ஒண்ணா ஓட்டுவீங்களா?"

"திருட்டுக் கூட்டம். பட்டப்பகல்ல என் டீசலை எடுத்து வரிசையா வச்சிருக்கீங்க."

அவசரம் தன் டம்ளரை எடுத்தார். ஒரு டப்பாவை முதலாளியின் காலடியில் வைத்து, டம்ளரை மெல்ல மெல்லச் சாய்த்தார். மேலே நின்ற டீசல் மட்டும் வழிந்து டப்பாவில் விழுந்தது. கோடு வரை வந்ததும் நிறுத்தினார்.

"இது உங்க டீசல், எடுத்துக்கோங்க. அடியில நிக்கிறது யாரோடது?"

முதலாளி டப்பாவைக் காலால் ஒதுக்கித் தள்ளினார். அப்போது கேட்டின் கம்பிகளுக்கு நடுவே இன்னொரு கை நீண்டது. அக்காவின் கை. மச்சான் தினமும் பிடித்துப் பார்க்கும் டம்ளர். கழுவி வைக்க வீட்டுக்குக் கொண்டுவந்தது அங்கேயே தங்கிவிட்டிருந்தது. அவருடைய படகு தார்ப்பாய் மூடி முற்றத்தில் கிடந்தது. அந்த டம்ளருக்குப் பிடிக்க எஞ்சின் இல்லை.

வாங்கிக்கொண்டு ஆபீசின் பின்பக்கம் பீப்பாய்களை நோக்கி நடந்தேன். முதலாளி வந்து என் தோளைப் பிடித்தார். கோணல் கை. பிடி பலமில்லை.

"வீடு, தம்பி" என்றார் மெதுவாக. "உங்கக்கா வீடு. யோசிச்சுக்கோ."

கேட்டைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நெற்றியைக் கம்பியில் வைத்து நின்றாள்.

"பிடிடா" என்றாள்.

பீப்பாயின் அடிக்குழாயைத் திறந்தேன். டம்ளர் நிறைந்தது. மேலே மெல்லிய ஏடு மாதிரி டீசல். மீதி முழுவதும் தண்ணீர். அதைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைத்தேன்.

அதிகாரியின் வண்டி கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. பூட்டைத் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்தார்கள். வண்டிக்குப் பின்னாலேயே பெண்களும் உள்ளே வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

அதிகாரி டம்ளர்களைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. முதலாளியோடு முன்பே பேசியிருந்தார் என்பது அவருடைய முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

"உயிரோட வந்தது நீதானா? டிரைவர் டீசல் வால்வைத் தெறக்க மறந்துட்டாராமே?"

"மறக்கல சார். தெறந்திருந்துச்சு."

"நீ கீழ போய்ப் பாத்தியா?"

"போகல. தொப்பி அவர் தலைல இருந்துச்சு."

"என்ன தொப்பி?"

அவசரம் கையை நீட்டிப் படகுகளைக் காட்டினார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அதிகாரியும் திரும்பினார். ஏழு சுக்கான் சக்கரங்களிலும் ஏழு தொப்பிகள், காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. அக்கா வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அவசரத்தின் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. ஆளுக்கு ஒரு வார்த்தையாக அவர்கள் தொப்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள்.

அலைத்தடுப்புக்கு வெளியே ஒரு கப்பல் தண்ணீர் கேட்டு ஊதியது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் ஊதியது. ஒரு தொப்பியும் சக்கரத்தை விட்டு நகரவில்லை.